லாங்ஆர்மில் இறகு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

குவில்ட் என்பது இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை; அதை ஃப்ரேமில் விரித்துக் கட்டி, அதன்மேல் நகர்த்தித் தைப்பது லாங்ஆர்ம் மிஷின். அந்த மிஷினைக் கையால் ஓட்டிப் பழகுகிறவர்கள் முதலில் ஆசைப்படுவது இறகு டிசைனுக்கு. முதலில் கைவிடுவதும் அதைத்தான். நாலு மடல் நெளிந்து போனதும் "எனக்கு இது வராது" என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டர் ஓட்டும் டிசைன்களுக்கு மாறிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். இறகில் கண்ணுக்குத் தெரியும் குறைகளில் கணிசமானவை கைக்குச் சம்பந்தமே இல்லாதவை. ரெயிலில் ஒட்டிய பிசிறு, சற்றே திரும்பி மாட்டிய ஊசி, அளவுக்கு மீறி இழுத்துக் கட்டிய துணி என்று காரணம் வேறெங்கோ இருக்கும். அவற்றையெல்லாம் நீக்கிய பிறகு கையின் குறை என்று மிஞ்சுவதிலும் பெரும்பங்கு ஒரே இடத்தில் பிறக்கிறது: மடல் வளைந்து திரும்பித் தண்டில் சேரும் இடம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் துணியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

இறகின் நடுவே ஓடும் கோட்டைத் தண்டு என்றும், அதிலிருந்து இரு பக்கமும் கிளம்பும் ஒவ்வொரு வளைவையும் மடல் என்றும் சொல்கிறேன். மடலின் உருண்ட வெளிப்பகுதி தலை, ஒடுங்கித் தண்டில் சேருவது வால். பட்டுப்புடவைக் கரையில் வரும் மாங்காயை நினைத்துக்கொண்டால் மடலின் வடிவம் பிடிபடும்: தலை குண்டாக, வால் மெல்லச் சரிந்து.

மிஷினா, கையா? முதலில் பிரித்துப் பாருங்கள்

லைனிங்கும் (அடித்துணி) பேட்டிங்கும் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) மேல்துணியைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலமாவது வெளியே இருக்கும்படிதான் குவில்ட்டை ஃப்ரேமில் ஏற்றுவோம். பக்கவாட்டில் இருக்கும் அந்த ஓரம் கிளாம்ப் மாட்டுவதற்கு மட்டுமென்று விட்டுவிடாதீர்கள். மேல்துணியின் ஒரு துண்டை அதன்மேல் குத்தி வைத்தால் அதுவே உங்கள் சோதனைக்கூடம். அதே துணி, அதே பேட்டிங், அதே இழுப்பு. வேறு எங்கேயோ தனித்துணியில் சோதித்துவிட்டு வந்தால் இந்தத் துல்லியம் கிடைக்காது.

முதல் சோதனைக்கு மின்சாரமே தேவையில்லை. மிஷினை அணைத்து, ஊசியை மேலே நிறுத்தி, ஃப்ரேமின் நடுவில் கொண்டுவந்து கையை எடுத்துவிடுங்கள். தானாக ஒரு பக்கம் நகர்கிறதா? அப்படியானால் ஃப்ரேம் மட்டமாக இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கால்களை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். மிஷின் மெதுவாகத்தான் நகர்கிறது என்று அலட்சியம் வேண்டாம். நாள் முழுக்க அந்தச் சரிவை எதிர்த்து உங்கள் கை தள்ளிக்கொண்டிருக்கும். மடல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வரும், காரணம் தெரியாமல் தோளும் வலிக்கும்.

இரண்டாவது, சக்கரங்களும் ரெயில்களும். ரெயில்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். சக்கரத்தின் அச்சில் நூல் சுற்றியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துண்டு நூல் ஒன்று ரெயிலில் கிடந்தாலே மிஷின் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சின்னதாகத் துள்ளும். தலையின் வளைவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒரு முடிச்சு போல நெளிவு வந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நேர்கோடு தைப்பதற்காகப் போட்ட பூட்டை எடுக்க மறந்திருந்தால் சக்கரம் ஒரு திசையில் உருளவே உருளாது. அதையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ஸ்டிட்ச் ரெகுலேட்டர், அதாவது கை நகரும் வேகத்துக்கு ஏற்ப ஊசியை ஓட்டித் தையல் நீளத்தைச் சீராக வைக்கும் கருவி. படுக்கைக் கோடு ஒன்று, நிலைக்கோடு ஒன்று, மூலைக்கு மூலை சாய்கோடு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்குத் தையுங்கள். மூன்றிலும் தையல் நீளம் ஒன்றாக இருக்கவேண்டும். நிலைக்கோட்டில் மட்டும் தையல் நீண்டு போனால், அந்தத் திசையின் நகர்வை அளக்கும் என்கோடரின் சக்கரம் ரெயிலை ஒட்டி உருளவில்லை, அல்லது அதன் கேபிள் தளர்ந்திருக்கிறது. நீங்கள் நகர்வது மிஷினுக்குத் தெரியவில்லை, அதனால் அது ஊசியை வேகமாக ஓட்டவில்லை. இறகில் இந்தக் கோளாறு வளைவின் ஒரு பகுதியில் மட்டும் நீண்ட தையலாகத் தெரியும். பார்ப்பவர் கை தடுமாறியது என்றே நினைப்பார்.

கடைசிச் சோதனை வட்டம். இரண்டு அங்குல அகலத்தில் வட்டங்களை வலஞ்சுழியாகச் சில, இடஞ்சுழியாகச் சில தையுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் வட்டம் தட்டையானால் சந்தேகம் மிஷின்மேல். ஒரு சுழியில் மட்டும் கெட்டால் பெரும்பாலும் பழக்கம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்னும் பின்னும் போகும்போது மிஷின் தலை மட்டும் நகர்கிறது. இடமும் வலமும் போகும்போது அடியில் உள்ள வண்டியும் சேர்ந்து நகர்கிறது. பக்கவாட்டில் எடை அதிகம் என்பதால் கிளப்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதிக விசை வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களின் வட்டம் நசுங்கி வருவதற்கு இதுவே பெரிய காரணம். வீட்டுத் தையல் மிஷினில் துணியை நகர்த்திப் பழகிய கைக்கு இந்த எடை வித்தியாசம் புதிது. வட்டம் போட்டுப் போட்டுத்தான் அது கைக்குப் பழகும்.

மடல் தண்டில் முட்டி நிற்கிறது

இறகு உயிரில்லாமல், மீன்முள் போல் விறைப்பாகத் தெரிவதாகத் தோன்றினால் தலைகளை ஆராயாதீர்கள். எல்லாரும் தலை உருளவில்லை என்றுதான் கவலைப்படுகிறார்கள். தலைகளை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, தண்டை ஒட்டிய கடைசி அரை அங்குலத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வாலும் தண்டை நோக்கிச் சரிந்து, அதன் திசையிலேயே திரும்பி, அதில் கலந்துபோக வேண்டும். வாலைத் தொடர்ந்து பென்சிலால் கோடு இழுத்தால் தண்டின் வழியே உடையாமல் கீழே ஓடவேண்டும். செங்குத்தாக வந்து முட்டினால், பென்சில் அங்கே மடங்கும். அந்த மடக்கம்தான் இறகைக் கெடுக்கிறது.

ஏன் முட்டுகிறது? தலையைச் சுற்றி முடித்ததும் "சரி, இனி தண்டுக்கு" என்று கை குறுக்கு வழியில் நேராகப் போய்விடுகிறது. திருத்துவதற்கு எளிய வழி, குறி வைக்கும் இடத்தை மாற்றுவது. மடல் எங்கே சேரவேண்டும் என்று தோன்றுகிறதோ, அதற்கு அரை அங்குலம் கீழே, தண்டின் அடிப்பக்கமாகக் கண்ணை வையுங்கள். கை அந்த இடத்தை நோக்கிப் போகும்போது வால் தானாகச் சாயும்; தண்டைத் தொடும் இடமும் சரியாக அமையும். கண் ஊசியில் இருக்கக்கூடாது. ஊசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் ஏற்கெனவே நடந்து முடிந்ததைத்தான் பார்க்கிறோம்.

இன்னொரு காரணம், தண்டைத் தைக்காமலே மடல்களைப் போட ஆரம்பிப்பது. கற்கும் காலத்தில் தண்டை முதலில் தைத்துவிடுங்கள். சேரும் இடம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். கால் அங்குலம் தள்ளி இன்னொரு கோடு ஓட்டி இரட்டைத் தண்டாக்கினால் இன்னும் நல்லது. வால்களின் நுனியில் சிறு பிசகு இருந்தாலும் தண்டின் அழுத்தமான கோடு கண்ணை இழுத்துக்கொள்ளும். கால் அங்குலத்தை அளக்க ஸ்கேல் வேண்டாம். பெரும்பாலான ஹாப்பிங் ஃபுட்களில் (ஊசியைச் சுற்றி ஏறி இறங்கும் வட்டப் பாதம்) ஊசியிலிருந்து வெளிவட்டம் வரை கால் அங்குலம்தான். அதன் விளிம்பை முந்தைய கோட்டில் உரசவிட்டு ஓட்டினால் போதும்.

மடல்கள் ஒல்லியாக, நீட்டமாக வருகின்றன

தலை உருள்வதற்கு இடம் கொடுக்காமல், தண்டிலிருந்து கிளம்பியதுமே திரும்பிவிடுகிறோம். இறகு எதுவரை வளரலாம் என்று வெளி எல்லைக்கோடு ஒன்று வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தலையும் அந்தக் கோட்டைத் தொட்டு, அதை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஓடி, பிறகே திரும்பவேண்டும். இது ஒன்றே பலருக்குப் போதுமானது.

மடல்கள் போகப்போகப் படுத்துக்கொண்டே வருவதும், அல்லது நிமிர்ந்துகொண்டே போவதும் வேறு பிரச்சினை. ஒவ்வொரு மடலையும் முந்தைய மடலைப் பார்த்துத்தான் போடுகிறோம். முதல் மடலில் உள்ள சிறு சாய்வுப் பிழை பத்தாவது மடலில் பெருகி நிற்கும். தண்டு நெடுக இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை சாய்வைக் காட்டும் சிறு கோடு போட்டுக்கொண்டால் அது பெருகாது. ஏற்கெனவே பாதியில் சாய்ந்துவிட்டது என்றால், அந்த இடைவெளியில் குட்டையான நீர்த்துளி வடிவம் ஒன்றை நுழைத்துவிட்டு, அடுத்த மடலைச் சரியான சாய்வில் தொடங்குங்கள். பழைய கை வேலைப்பாடுகளிலும் இப்படிக் குட்டி மடல்கள் நடுவில் இருக்கும். அவை இறகின் அங்கமாகவே தெரியும்.

தண்டு வளையும் இடத்தில் உள்பக்க மடல்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறதென்றால், எல்லாவற்றையும் ஒரே அளவில் போட முயல்கிறீர்கள். வளைவின் உள்பக்கம் சின்ன மடல், வெளிப்பக்கம் பெரிய மடல். சமமாக இருக்கவேண்டியது ஓட்டமே தவிர அளவல்ல.

திரும்பி ஓட்டும் கோடு இரட்டையாகத் தெரிகிறது

மரபான இறகில் ஒரு மடல் தலையைச் சுற்றிவந்து முந்தைய மடலின் தோளைத் தொடும். பிறகு வந்த வழியிலேயே தலைமேல் கொஞ்சம் திரும்பிப் போய், அங்கிருந்து அடுத்த மடல் கிளம்பித் தண்டுக்கு இறங்கும். திரும்பிப் போகும் தையல் முதல் தையலின்மேலேயே விழவேண்டும். விழாவிட்டால் தலையில் இரண்டு கோடு தெரியும்.

கை வேகம்தான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. தயங்கித் தயங்கி மெதுவாகப் போனாலும் கோடு நடுங்கும். மூச்சை அடக்காமல், முன்னே ஓட்டிய அதே வேகத்தில் பின்னேயும் ஓட்டுவது பெரும்பாலும் நல்ல பலன் தரும். தொடும் இடத்தில் ஊசி கீழே நிற்க ஒரு நொடி நிறுத்தி, கண்ணைத் திரும்பும் பாதையின் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டுப் பிறகு கிளம்புங்கள். திரும்பி ஓட்டும் தூரம் அரை அங்குலத்துக்குள் இருக்கும்படி மடல்களை அமைத்தால் பிசகுவதற்கு இடமும் குறைவு.

நூலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பளபளக்கும் ட்ரைலோபல் பாலியஸ்டர் நூல், உதாரணமாக 40 எண் கிளைட், ஒளியை வாரி இறைக்கும். தனிக்கோட்டுக்கு அது அழகு. இரட்டிக்கும் கோட்டில் தடிப்பாக நிற்கும். 50 எண் ஸோ ஃபைன் போன்ற மங்கலான, மெல்லிய நூலில் அதே பிசகு பாதி மறைந்துவிடும். எண் கூடக்கூட நூல் மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். துணியின் நிறத்தோடு கலக்கும் நூலில் ஆரம்பியுங்கள். எடுப்பான நிறத்தில் மடலைக் காட்டும் ஆசைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் இரட்டைக்கோடு உங்களை வருத்தினால், திரும்பி ஓட்டவே தேவையில்லாத வகையைப் போடுங்கள். ஒவ்வொரு மடலும் தண்டில் கிளம்பித் தண்டிலேயே முடியும். அடுத்தது அதே புள்ளியிலிருந்து கிளம்பும். மடல்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி நிற்கும். இதைக் குறைந்த தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லாங்ஆர்மின் ஓட்டத்துக்கு மிகப் பொருத்தமான வகை இது. கற்றுக்கொள்ளத் தொடங்க இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

ஒரு பக்கம் அழகாக, மறுபக்கம் கோணலாக

இது ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. இடக்கை வலக்கை பழக்கத்தோடு, லாங்ஆர்மில் பார்வைக்கும் இதில் பங்கு இருக்கிறது. மிஷினை உங்களை நோக்கி இழுக்கும்போது போகவேண்டிய துணி கண்முன் திறந்து கிடக்கிறது. உங்களிடமிருந்து தள்ளும்போது ஹாப்பிங் ஃபுட்டும் ஊசித்தண்டும் மிஷின் தலையும் அந்த இடத்தை மறைத்துக்கொள்கின்றன. தலை அந்தப் பக்கம் விழும் மடல்களைக் கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு தைக்கிறோம். மிஷினுக்கு நேரே நிற்காமல் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்று சாய்வாகப் பாருங்கள். முன்பக்கம் திறந்த ஃபுட் உங்கள் மிஷினுக்குக் கிடைத்தால் மாட்டுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் தைத்த கோட்டின் நிழல் எழுந்து தெரியும். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் வெள்ளைமேல் வெள்ளைத் தையல் காணாமலே போகும்.

திசையையும் மாற்றிப் பாருங்கள். ஒரு பக்க மடல்களைத் தண்டின் அடியிலிருந்து நுனிக்குப் போட்டால், மறுபக்கத்தை நுனியிலிருந்து அடிக்குப் போட்டுப் பார்க்கலாம். இறகின் தோற்றம் ஒன்றுதான், கை போகும் சுழி மட்டும் மாறும். எது கைக்கு இதமோ அதை வைத்துக்கொள்ளலாம், விதி ஒன்றும் இல்லை.

கைக்கு வராத பக்கத்தைக் காகிதத்தில் பழகுங்கள், ஆனால் மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல். லாங்ஆர்மில் வரைவது முழங்கையும் தோளும்தான். சுவரில் ஒட்டிய பெரிய தாளிலோ வெள்ளைப் பலகையிலோ நின்றபடி, கை நீட்டி, இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்து வரைந்தால் அதே அசைவு கிடைக்கும். குவில்ட்டின்மேல் தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து அதில் வரைந்து பார்ப்பதும் நல்ல வழி. தாளின் விளிம்பு நெடுக நிறமுள்ள டேப் ஒட்டிவிடுங்கள். பேனா வழுக்கி விளிம்பைத் தாண்டித் துணியில் கோடு விழுந்தால் அந்தக் கறை போகாது.

வளைவு உடைந்து கோணமாகிறது

வழுவழுப்பாக இருக்கவேண்டிய தலை, சின்னச் சின்ன நேர்கோடுகளைச் சேர்த்ததுபோல் வருகிறதா? தையல் நீளத்தைப் பாருங்கள். அங்குலத்துக்கு 8 அல்லது 9 தையல் வைத்திருந்தால் சிறிய வளைவில் அது உடைந்துதான் தெரியும். இறகுக்கு 11, 12 வைத்துப் பாருங்கள். மடல் சிறியதாகச் சிறியதாகத் தையல் நெருங்கவேண்டும்.

குறிப்பிட்ட ஒரு புள்ளியில் மட்டும் கூர்மை வந்தால், அங்கே கை தயங்கியிருக்கிறது. தலையின் உச்சியில் "அடுத்து எங்கே?" என்று யோசிப்பதால் வரும் தயக்கம் அது. யோசிக்க நினைத்தால் தண்டில் நின்று யோசியுங்கள், அங்கே நின்றால் தெரியாது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாலும் இதே கூர்மை வரும். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருக்கிறீர்களா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சரி, அடியில் வளைவெல்லாம் நூல் இழுபட்டுக் கிடக்கிறது

இறகு தைப்பவர்களை அதிகம் அழவைக்கும் கோளாறு இது. மேலே எல்லாம் அழகாக இருக்கும். ஃப்ரேமிலிருந்து இறக்கித் திருப்பினால், அடியில் ஒவ்வொரு தலையிலும் பாபின் நூல் நேராகப் படுத்திருக்க, அதைத் தாண்டி மேல்நூலின் வளையங்கள் கண்ணிமை மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும். பொருள் இதுதான்: மேல்நூல் தளர்வு, அல்லது பாபின் இறுக்கம். நேர்கோட்டில் வெளியே தெரியாத ஏற்றத்தாழ்வை வளைவு காட்டிக்கொடுக்கிறது. வேகமாக வளையும்போது ஊசி சற்றே வளைந்து, நூலை வளைவின் உள்பக்கமாக இழுத்துப் போடுகிறது.

வரிசை முக்கியம். முதலில் நூல் போகும் பாதை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினில் திடீரென்று இது வந்தால், மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் வெளியே மிதக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். நூலை இரண்டு கையாலும் பிடித்துத் தட்டுகளுக்குள் அழுத்தி இழுத்து உட்காரவையுங்கள். டேக்-அப் லீவரின் (மேல்நூலை இழுத்து மேலும் கீழும் போகும் கை) துளையில் நூல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது பாபின். மேல் டென்ஷனைத் தொடுவதற்கு முன்பே இதைச் சரிசெய்ய வேண்டும். பாபின் கேஸை உள்ளங்கையில் வைத்து நூலை மேலே தூக்குங்கள். கேஸ் எழுந்து நிற்கவேண்டும், ஆனால் உள்ளங்கையை விட்டுக் கிளம்பக்கூடாது. கிளம்பினால் இறுக்கம். எழவே எழாமல் நூல் வழுக்கிக்கொண்டு ஓடினால் தளர்வு. பக்கத்தில் உள்ள திருகை, கடிகார முகத்தில் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மட்டும் திருப்பி மறுபடி பாருங்கள். பாபின் நூலின் இழுப்பை எண்ணில் காட்டும் டோவா அளவி வைத்திருப்பவர்கள், எந்த நூலுக்கு எந்த எண்ணில் தையல் சரியாக வந்தது என்று நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த முறை ஊகிக்க வேண்டியதில்லை. பாபின் கேஸின் தட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் பிசிறு ஒரு மயிரளவு இருந்தாலும் எல்லாக் கணக்கும் தப்பும். விசிட்டிங் கார்டு மூலையை உள்ளே ஓட்டி எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகே மேல் டென்ஷன். கால் சுற்று இறுக்கி, ஓரத்தில் உண்மையான இறகு வேகத்தில் வட்டங்கள் போட்டு அடியில் பாருங்கள். மெதுவாகத் தைத்துச் சோதித்தால் பயனில்லை. அடியில் குனிந்து பார்க்க முடியாதபோது விரல் நுனியால் தடவிப் பார்க்கலாம். சீராக இருந்தால் தையல் வழுக்கும், இழுபட்டிருந்தால் சிறு மணிகள்போல் நெருடும். கைபேசியை ஃப்ரேமின் கீழே நீட்டிப் படம் எடுப்பதும் வசதி. எதிர்ப்பக்கம் போய்விட்டால், அதாவது பாபின் நூல் புள்ளிபுள்ளியாக மேலே எட்டிப்பார்த்தால், மேல்நூல் இறுக்கம் கூடிவிட்டது, கொஞ்சம் தளர்த்துங்கள். மேலும் கீழும் ஒரே நிறத்தில் நூல் வைத்துக்கொள்வது நிம்மதியைத் தரும்.

நூல் அறுகிறது, தையல் விடுகிறது

எப்போதும் ஒரே திசையில் போகும்போதுதான் அறுகிறதா என்று முதலில் கவனியுங்கள். அப்படியென்றால் ஊசியைச் சந்தேகப்படுங்கள். லாங்ஆர்ம் ஊசிகளுக்கு உருளையான காம்பு. 134 எம்ஆர் வகையில் ஒரு பக்கம் தட்டை இல்லை. ஆகவே கொஞ்சம் திரும்பியே மாட்டிவிட முடியும். பெரும்பாலான மிஷின்களில் நீண்ட பள்ளம் உங்களைப் பார்த்தும், காதுக்கு மேலே உள்ள குழிவு பின்பக்கம் பார்த்தும் இருக்கவேண்டும். ஊசியின் காதில் மெல்லிய குண்டூசி ஒன்றை நுழைத்துப் பாருங்கள். அது உங்களை நோக்கி நேராக நீட்டிக்கொண்டு நின்றால் ஊசி சரி. காம்பு மேலே முட்டும்வரை ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இறகுக்குப் பொதுவாக 4.0, அதாவது 100 அளவு ஊசி. மெல்லிய நூலுக்கு 3.5 போதும். தடித்த பேட்டிங்கில் ஊசி வளைந்து தையல் விட்டால் 4.5 மாட்டலாம்.

ஊசி சரியென்றால் துணியின் இழுப்பு. ஃப்ரேமுக்கு அடியில் கைவிட்டு விரலால் மேலே தள்ளுங்கள். மேலிருந்து அந்த விரல்நுனியைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடியவேண்டும். பிடிக்க முடியாத அளவுக்கு விறைப்பாக இருந்தால் தளர்த்துங்கள். விறைத்த துணியில் ஊசி நகர இடமில்லாமல் வளையும், வளைந்த ஊசி, அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியைத் தவறவிடும், தையல் விட்டுப்போகும். பக்கக் கிளாம்புகளுக்கும் இதே விதிதான். மாறாக, துணி தொளதொளவென்று ஊசியோடு எழும்பினாலும் தையல் விடும். ஹாப்பிங் ஃபுட் முழுவதும் கீழே இறங்கிய நிலையில், அதற்கும் துணிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் உயரம் சரி. எல்லாம் பார்த்த பிறகும் தையல் விட்டால், ஊசிக்கும் கொக்கிக்குமான டைமிங் விலகியிருக்கலாம். அதை உங்கள் மிஷின் கையேட்டைப் பார்த்தோ மெக்கானிக்கைக் கூப்பிட்டோ செய்யுங்கள்.

மூலைக்கு வரும்போது இறகு இடிக்கிறது

நடுவில் அழகாக ஓடிய கரை இறகு மூலையில் பாதி மடலோடு முடிந்தால், குறை தைப்பதில் இல்லை. தண்டைக் குறிக்காமல் தொடங்கியதில் இருக்கிறது. "ஃப்ரீஹேண்ட் என்றால் குறிக்கக்கூடாது" என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்துவிட்டது. இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம், நார்தம்பர்லாண்ட் பகுதிகளில் முழுத்துணிக் குவில்ட்களில் (துண்டுகளை ஒட்டுப்போடாத வெறுந்துணிக் குவில்ட்கள்) இறகு வேலை செழித்த காலத்தில், குறிப்பதே ஒரு தனித் தொழிலாக இருந்தது. ஆலன்ஹெட்ஸ் கிராமத்தில் ஜார்ஜ் கார்டினரும், அவரிடம் கற்ற எலிசபெத் சாண்டர்சனும் மேல்துணியில் நீலப் பென்சிலால் டிசைன் வரைந்து தருவார்கள், தைப்பவர் வேறொருவர். அந்த இறகுகளின் ஓட்டத்தைப் பார்த்து யாரும் உயிரில்லை என்று சொல்லமாட்டார்கள். தண்டையும் எல்லையையும் குறித்துவிட்டு மடல்களை மட்டும் கைபோன போக்கில் போடுவதுதான் லாங்ஆர்மிலும் ஃப்ரீஹேண்ட்.

குறிக்கும் முறை: கரையின் நீளத்துக்கு ஒரு காகிதச் சுருளை வெட்டிச் சம பாகங்களாக மடியுங்கள். 60 அங்குலக் கரையென்றால் 12 அங்குலத்தில் ஐந்து மடிப்பு. ஒரு மடிப்பில் தண்டின் நெளிவை வரைந்து, எல்லா மடிப்பிலும் அதையே எடுத்து, பிறகு துணிக்கு மாற்றுங்கள். மூலையில் தண்டு கோணமாகத் திரும்பாமல் வளைந்து திரும்பட்டும். அல்லது இரு பக்கத் தண்டுகளும் மூலையில் சந்தித்து, நடுவே ஒரு பெரிய நீர்த்துளி மடல் நிற்கட்டும்.

நிலைக்கரையில் இன்னொரு சிக்கல். 18 அங்குலக் கழுத்துள்ள (ஊசிக்கும் மிஷினின் பின்தூணுக்கும் நடுவிலுள்ள இடம்) மிஷினில், உருளையில் சுற்றிய துணி இடத்தை எடுத்துக்கொண்ட பிறகு, ஒரே வீச்சில் தைக்கக் கிடைப்பது அதைவிடக் குறைவுதான். நடுவில் துணியைச் சுற்றியே ஆகவேண்டும். எப்போதும் ஒரு வால் தண்டைத் தொட்ட இடத்தில் நிறுத்துங்கள், தலையின் நடுவில் நிறுத்தவே வேண்டாம். சுற்றிய பின் லைனிங்கின் இழுப்பை மறுபடி விரலால் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

நீரில் கரையும் நீலப்பேனாவால் குறித்திருந்தால், கழுவும்வரை இஸ்திரிப்பெட்டி அதன்மேல் படவே கூடாது. சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். சோப்பு போடுவதற்கு முன் வெறும் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சூட்டில் மறையும் ஃப்ரிக்ஷன் பேனா நேர்மாறானது. சுமார் 60 டிகிரியில் மறையும் கோடு, கடுங்குளிரில் திரும்பி வரும். பனி விழும் ஊருக்குப் பரிசாக அனுப்பும் குவில்ட்டில் அதை நான் பயன்படுத்தமாட்டேன்.

தைத்தாயிற்று, இறகு தெரியவேயில்லை

பூப்போட்ட துணியில் எந்த இறகும் தெரியாது. அங்கே உழைப்பை வீணாக்காமல், வெறுந்துணியாக இருக்கும் கட்டங்களிலும் கரையிலும் இறகைப் போடுங்கள். வெறுந்துணியிலும் தட்டையாகத் தெரிந்தால் இரண்டு காரணம் உண்டு. ஒன்று பேட்டிங். 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியஸ்டரும் கலந்தது மெல்லியதாகப் படியும். கம்பளி பேட்டிங்கில் மடல் புடைத்து நிற்கும். மற்றொன்று சுற்றுப்புறம். இறகைச் சுற்றி நெருக்கமான சிறு நெளிவுகளோ கால் அங்குல இணைகோடுகளோ தைத்து அந்த இடத்தை அமுக்கினால்தான் மடல் எழும்பும். இறகை மாற்றாமல் பின்னணியை மட்டும் தைத்துப் பாருங்கள், தலைகளின் சிறு கோணல்களும் அதில் மறையும்.

பிரிப்பதா, விடுவதா?

ஃப்ரேமில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாலடி பின்னால் போய் நின்று பாருங்கள். வாலின் முட்டல் அங்கிருந்தும் தெரிந்தால் பிரிக்கலாம். தலையில் இரட்டைக்கோடு மட்டுமென்றால் விட்டுவிடுங்கள். பருத்தி பேட்டிங் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கி, துணி முழுக்க மென்சுருக்கம் விழும், அந்தக் கோடு அதற்குள் ஒளிந்துகொள்ளும். டென்ஷன் கோளாறென்றால் தயங்காமல் பிரியுங்கள். தளர்ந்த மேல்நூலை ஒரு விரல் மாட்டினாலே இழுத்துக்கொண்டு வரும்.

பிரிக்கும்போது எந்த நூல் நேராகப் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றை வெட்டி, மறுபக்க நூலை இழுத்தால் துணி நோகாமல் வரும். கெட்ட இடத்தோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய வால் தண்டைத் தொடும் புள்ளிவரை பிரியுங்கள். விட்ட நூல்களை முடிச்சிட்டுப் பேட்டிங்குக்குள் இழுத்துப் புதைத்துவிட்டு, பழைய ஊசித்துளைகளை நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக வருடி மூடுங்கள். புதிய மடலைத் தண்டில், பழைய தையலின் மேலேயே நாலைந்து சிறு தையல் போட்டுத் தொடங்குங்கள்.